வாக்குப்பதிவு முடியும்வரை காத்திருந்த அணுஉலை

2012ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. அன்று சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நடைபெற்றது. மறுநாள் திங்கள், புனித வளனார் பெருவிழா. அன்று சென்னையில் கூடிய தமிழக அமைச்சரவை, கூடங்குளம் அணுமின் நிலையப் பணிகளை உடனே தொடரலாம் என்று முடிவெடுத்தது. அன்றே ராதாபுரம் வட்டத்திற்குள் காவல்துறையினர் பெரும் படையாக வந்திறங்கினர். 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. புதன்கிழமை வாக்குகள் எண்ணப்பட்டபோது ஆளுங்கட்சி பெருவாரியான வேறுபாட்டில் வெற்றி பெற்றது.

ஞாயிறு மாலைக்கும் திங்கள் காலைக்கும் இடையில் அறிவியலில் நேர்ந்த மாற்றம் என்ன? யுரேனியத்தின் இயல்பு ஓர் இரவில் மாறிவிட்டதா? கடலின் சீற்றம் தணிந்துவிட்டதா? மாநில அரசு அமைத்த வல்லுநர் குழு தன் அறிக்கையைப் பிப்ரவரி இறுதியிலேயே கொடுத்துவிட்டது. தேர்தல் பரப்புரை நடந்த நாள்களெல்லாம் அந்த அறிக்கை அரசின் கையில்தான் இருந்தது. மக்களின் விரலில் மை ஏறியது ஒன்றுதான் அந்த இரவுக்குள் நேர்ந்த மாற்றம்.

இதற்கு ஆறு மாதம் முன்னர், 2011 செப்டம்பர் 22 அன்று, இதே அமைச்சரவைதான் மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்திவைக்குமாறு நடுவண் அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்தைக் கேட்டு இடிந்தகரையில் உண்ணாநோன்பு முடிந்தது. மக்கள் கைகூப்பி நன்றி சொன்னார்கள். அடுத்த மாதம் உள்ளாட்சித் தேர்தல் என்பதை அன்று அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. ஒரு தேர்தலுக்கு முன் மக்கள் பக்கம், ஒரு தேர்தலுக்குப் பின் அணுஉலை பக்கம். இதுதான் நம் நாட்டில் அறிவியலுக்கும் தேர்தலுக்கும் உள்ள உறவு.

அணுஉலை வேண்டுமா வேண்டாமா என்று வழக்காடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அதைப்பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. என் பங்கு மக்கள் அதை அறிவார்கள். இங்கே நான் கேட்பது வேறு. கோடிக்கணக்கான மக்களின் வாழ்வைத் தலைமுறை தலைமுறையாகத் தொடப்போகும் ஒரு முடிவை, மக்கள் பேசுவதற்கென்றே அரசியலமைப்பு கொடுத்திருக்கும் அந்த ஒரே நாளில் அவர்கள் பேசவிடாமல் செய்தது எந்த வகையில் நீதி?

சங்கரன்கோவில் வாக்காளர்களையும் எண்ணிப் பாருங்கள். அது விசைத்தறிகளின் ஊர். அந்த ஆண்டு தமிழகத்தின் சிற்றூர்களிலும் சிறுநகரங்களிலும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. தறி நின்றால் அன்றாடக் கூலி நின்றது, அடுப்பு அணைந்தது. அந்த நெசவாளியிடம் நேருக்கு நேர் நின்று, ‘ஐயா, கூடங்குளம் திறந்தால் உமக்கு மின்சாரம் வரும், கடற்கரையில் உள்ளவர்களோ அஞ்சுகிறார்கள், நீர் என்ன சொல்கிறீர்?’ என்று கேட்டிருந்தால், அவர் திறக்கவே சொல்லியிருக்கக்கூடும். அப்படிச் சொல்லியிருந்தால் அதுவும் மதிக்கத்தக்க விடையே. தறிக்காரரின் பசியும் மீனவரின் அச்சமும் ஒரே மேடையில் ஒன்றையொன்று முகம் பார்த்திருக்கும். அந்தச் சந்திப்பைத்தான் கட்சிகள் திட்டமிட்டுத் தவிர்த்தன. ஒருவருக்கு மின்வெட்டு நீங்கும் என்றார்கள், மற்றவருக்கு உங்களோடு இருப்போம் என்றார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டிய நிலை வராதபடி நாள் குறித்தார்கள்.

ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்லவும் இயலாது. ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988 நவம்பர் 20 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது. 1998இல் துணை ஒப்பந்தம் செய்தது பாரதிய சனதா அரசு. 2002இல் கட்டுமானம் தொடங்கியது அவர்கள் காலத்தில். தொடர்ந்தது காங்கிரசு காலத்தில். சென்னையில் இரு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. ஒப்பந்தம் கையெழுத்தான நாள் தொடங்கி 2012இல் முதல் உலையில் எரிபொருள் நிரப்பப்படும்வரை ஏழு மக்களவைத் தேர்தல்களும் ஆறு சட்டமன்றத் தேர்தல்களும் வந்துபோயின. அவற்றுள் ஒன்றிலேனும் எந்தப் பெரிய கட்சியாவது இதைத் தன் முதன்மைக் கேள்வியாக நம்முன் வைத்ததுண்டா? வண்ணத் தொலைக்காட்சி பற்றிக் கேட்டோம். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி பற்றிக் கேட்டோம். அந்த மின்விசிறியைச் சுழற்றும் மின்சாரம் எங்கிருந்து, யாருடைய கடற்கரையிலிருந்து வரும் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை.

இதைக் கேட்டால் கற்றவர் சிலர் நகைக்கிறார்கள். ‘அறிவியலை வாக்கெடுப்புக்கு விடலாமா சுவாமி? புவியீர்ப்பு விசை உண்டா இல்லையா என்று பெரும்பான்மை பார்த்தா முடிவு செய்வது?’ என்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்விதான்; ஆனால் இரண்டு வெவ்வேறு காரியங்களை ஒரே மூட்டையில் கட்டி விற்கிறது. அணு பிளந்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்பதை வாக்கால் மாற்ற இயலாது. அது இயற்பியலாரின் களம். அந்த வெப்பத்தை எந்த ஊரின் அருகில் எழுப்புவது, விபத்து நேர்ந்தால் இழப்பீடு யார் தருவது, எரிந்து தீர்ந்த எரிபொருளை யாருடைய மண்ணில் வைப்பது, கிடைக்கும் மின்சாரத்தில் யாருக்கு எவ்வளவு என்பவையெல்லாம் இயற்பியல் நூலில் விடை காணக்கூடிய கேள்விகளா? இவை நீதியைப் பற்றிய கேள்விகள். இவற்றில் நோபல் பரிசு பெற்றவருக்கும் ஒரு வாக்கு, கூடை சுமக்கும் மீனவப் பெண்ணுக்கும் ஒரு வாக்கு.

2011 நவம்பர் 6 அன்று முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அணுமின் நிலையத்தைப் பார்வையிட்டு, அது பாதுகாப்பானது என்று அறிவித்தார். அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அவர் ஏவுகணை வல்லுநர்; அணுஉலை அவருடைய துறையன்று. எனினும் மறுநாள் முதல், ‘கலாமே சொல்லிவிட்டார், பிறகென்ன?’ என்பதே எல்லாக் கேள்விகளுக்கும் விடையாயிற்று. குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த புனித தாமஸ் அக்குவினாஸ், மனிதரின் பெயரையும் பெருமையையும் மட்டும் ஆதாரமாகக் காட்டும் வாதத்தை வாதங்களுக்குள் மிக வலுவற்றதாக வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் தெளிந்திருந்த இந்தச் செய்தியை, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976இல் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்ட நாடு மறந்துபோனது விந்தையே. கேள்வி கேட்பதைத் தவிர அறிவியல் மனப்பான்மைக்கு வேறு பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘மீன்பிடிப்பவர்களுக்கு அறிவியல் என்ன தெரியும்?’ என்பது அடுத்த வசை. தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் இந்த அணுஉலைக்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து நீர் கொண்டுவருவதாகத் திட்டம். தங்கள் வயல் காயும் என்று கன்னியாகுமரி மாவட்ட உழவர்கள் எதிர்த்தார்கள். அவர்களையும் வளர்ச்சிக்குப் பகைவர் என்றுதான் சொன்னார்கள். பின்னர் என்ன நடந்தது? அணை நீர் திட்டம் கைவிடப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. வல்லுநர்களின் வரைபடத்தைத் திருத்தியது உழவரின் அனுபவ அறிவு. 1989 மே முதல் நாள், நீரைக் காக்கவும் உயிரைக் காக்கவும் நாட்டின் கடற்கரையெங்கும் நடந்துவந்து கன்னியாகுமரியில் கூடிய மீனவத் தொழிலாளர் பேரணியின்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. செர்னோபில் விபத்து நேர்ந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அம்மக்கள் அன்று எழுப்பிய கேள்விகள் பலவற்றைத்தான் 2011இல் புகுஷிமாவுக்குப் பின் உலகமெல்லாம் கேட்கத் தொடங்கியது.

இடிந்தகரையில் லூர்து அன்னை ஆலயத்தின்முன் போட்ட பந்தலில், பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே கதிரியக்கம் பற்றிய உரைகளைக் கேட்டார்கள். உலையைக் குளிர்வித்து வெளியேறும் வெந்நீர் கடலில் கலந்தால் சாளையும் சிங்கி இறாலும் என்னவாகும் என்று கேட்டார்கள். அவர்களைத் திருப்திப்படுத்தும் விடை உண்டோ இல்லையோ, வாழ்வாதாரத்தையொட்டி எழுந்த அறிவார்ந்த கேள்வி அது. அதற்குக் கிடைத்த பரிசு, ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்கு. 2012 பிப்ரவரியில் பிரதமரே ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களைக் காரணம் காட்டினார். அணுஉலையும் அதன் எரிபொருளும் அதற்கான கடனும் ரஷ்யாவிலிருந்து வந்தால் அது நட்பு. கேள்வி மட்டும் கடல் கடந்து வந்த சதி! அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும். அதே நாளில் மணப்பாட்டில் மீனவர் ஒருவர் காவல்துறையின் குண்டுக்குப் பலியானார்.

நம் பக்கத்தையும் சற்றே உரசிப் பார்ப்போம். அணுஉலை அணுகுண்டைப்போல் வெடிக்கும் என்று ஊர் ஊராகச் சொன்னவர்கள் உண்டு. மின் உலையில் இடும் எரிபொருளில் பிளவுபடும் யுரேனியத்தின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அது ஹிரோஷிமாபோல் வெடிக்க இயலாது. உலை உருகிக் கதிரியக்கம் கசிவதே மெய்யான அபாயம். செர்னோபிலும் புகுஷிமாவும் காட்டியது அதைத்தான். நிலக்கரி ஏதோ தீங்கற்றது என்பதுபோலப் பேசியவர்களும் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து வலை வீச இடமின்றி நிற்கும் மீனவரிடம் போய் அதைச் சொல்லட்டும் பார்ப்போம். அச்சத்தைப் பொய்யால் பெருக்கினால், பொய் வெளிப்படும் நாளில் மெய்யான அச்சமும் எள்ளி நகையாடப்படும். மறையுரை மேடையில் நிற்கும் எங்களுக்கு இந்தப் பொறுப்பு இரு மடங்கு. கலிலேயோவுக்கு இழைக்கப்பட்டதைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1992இல்; 359 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைச் சுமக்கும் நாம் அறிவியலைப் பேசும்போது படித்துவிட்டுப் பேச வேண்டும்.

சேது சமுத்திரத் திட்டத்தில் நடந்தது இன்னும் கேவலம். 2005இல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம். வெட்டிய கால்வாய் மீண்டும் மணலால் தூர்ந்துவிடாதா, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் என்னவாகும், நாட்டுப்படகு மீனவர் எங்கே செல்வார் என்பன கேட்கப்படவேண்டிய கேள்விகள். 2007இல் அது இராமர் பாலம் கட்டினாரா இல்லையா என்ற வழக்காக மாறிற்று. ஒரு சாரார் இராமரைக் காக்கவும் மறு சாரார் பகுத்தறிவைக் காக்கவும் புறப்பட்டார்கள். மணலைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேச ஆளில்லை.

மக்களிடம் கேட்டால் ஆட்சி கவிழும் என்று தலைவர்கள் அஞ்சுகிறார்கள்போலும். ஆஸ்திரியாவைப் பார்க்கட்டும். ட்ஸ்வென்டென்டார்ஃப் என்னும் ஊரில் அணுமின் நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டு, 1978 நவம்பர் 5 அன்று அரசு மக்களிடம் கேட்டது. நூற்றுக்கு 50.47 பேர் வேண்டாம் என்றார்கள். மயிரிழை வேறுபாடுதான். இருந்தும் கட்டி முடித்த அந்த உலை ஒருநாளும் இயக்கப்படவில்லை. அணுஉலையை ஆதரித்துத் தோற்ற அதே தலைமையமைச்சர் புரூனோ கிரைஸ்கி, அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் முன்னைவிட அதிக வலிமையோடு வென்றார். கேட்ட தலைவரை மக்கள் தண்டிக்கவில்லை. செருமனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில், புகுஷிமா விபத்துக்குப் பதினாறு நாள் கழித்து, 2011 மார்ச் 27 அன்று தேர்தல். அணுஉலையே அங்கு மேடைப் பேச்சின் மையமாயிற்று. பசுமைக் கட்சியின் கிரெட்ச்மன் மாநிலத் தலைமையமைச்சரானார். அவர் ஒரு கத்தோலிக்கர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். அதே ஆண்டு சூன் மாதம் இத்தாலியர் வாக்கெடுப்பில் அணுமின்சாரத்தை மறுத்தார்கள். இத்தாலி இன்றும் அண்டை நாடான பிரான்சின் அணுமின்சாரத்தை விலைக்கு வாங்குகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், அவர்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முடிவு சரியோ தவறோ, அது அவர்கள் எடுத்த முடிவு.

நம் கதைக்கு வருவோம். 2014 மக்களவைத் தேர்தலில் போராட்டக் குழுவினர் மூவர், கன்னியாகுமரி, தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகிய மூன்று தொகுதிகளிலும் ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் நின்றார்கள். மூவருக்கும் வைப்புத்தொகையைக் காக்கும் அளவுக்குக்கூட வாக்கு விழவில்லை. கட்சி புதிது, சின்னம் புதிது என்று காரணம் சொல்லலாம். எனக்கு மேலும் ஒன்று படுகிறது. மெழுகுவர்த்தி ஏந்துவது ஒரு காரியம், வாக்களிப்பது வேறொரு காரியம் என்று நம் மக்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். போராட்டப் பந்தலில் உயிர்ப் பிரச்சினையாய் இருந்தது, வாக்குச்சாவடியின் திரைமறைவுக்குள் நுழைந்ததும் சாதியாகவும் சின்னமாகவும் பழைய விசுவாசமாகவும் கரைந்துவிடுகிறது.

கூடங்குளம் அடங்கிய ராதாபுரம் தொகுதியில் 2016 சட்டமன்றத் தேர்தலின் முடிவு நினைவிருக்கிறதா? வென்றவருக்கும் தோற்றவருக்கும் அறிவிக்கப்பட்ட வேறுபாடு 49 வாக்குகள். வழக்கு நீதிமன்றம்வரை போயிற்று. நாற்பத்தொன்பது! ஓர் அன்பியத்தில் அதைவிட அதிகம் பேர் செபமாலை சொல்லக் கூடுகிறோம். அத்தகைய தொகுதியில் ஒரே ஒரு கடற்கரை ஊர் ஒன்றுபட்டு, ‘எரிந்த எரிபொருளை எங்கே வைக்கப்போகிறீர்கள்? எழுத்தில் பதில் தந்தவருக்கே எங்கள் வாக்கு’ என்று சொல்லியிருந்தால் எந்த வேட்பாளரால் மறுத்திருக்க முடியும்?

தேர்தல் வந்தால் நம் பங்குகளில் நடப்பதை நீங்களும் அறிவீர்கள். வேட்பாளர் ஞாயிறு திருப்பலி முடியும் நேரம் பார்த்து வருகிறார். பொன்னாடை, சால்வை, புகைப்படம். பங்குப் பேரவையினர் மனு கொடுக்கிறார்கள்: கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், ஆலயத்தின்முன் உயர்கோபுர விளக்கு, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் பணியிட ஒப்புதல். செய்துதருவதாக அவர் சொல்கிறார். சில வேளை செய்தும் தருகிறார். செத்தவர்களைப் பாதுகாக்கச் சுவர் கேட்கத் தெரிந்த நமக்கு, பிறக்கப்போகிறவர்களைப் பற்றிக் கேட்க வாய் வருவதில்லை.

‘சுவாமி, நீங்களே சொல்லுங்கள், யாருக்குப் போடட்டும்?’ என்று கேட்பவர்களுக்கு என் விடை எப்போதும் ஒன்றே: சொல்லமாட்டேன். இது தயக்கமன்று; திருச்சபையின் போதனை. உலகியல் காரியங்களுக்கு அவற்றிற்கே உரிய விதிகளும் தன்னாட்சியும் உண்டென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் 1965இலேயே சொல்லிவிட்டது. எழும் ஒவ்வொரு சிக்கலுக்கும் மேய்ப்பர்களிடம் ஆயத்தமான விடை இருக்குமென்று பொதுநிலையினர் எண்ணவேண்டாம் என்றும் அதே ஏடு அறிவுறுத்துகிறது. வாக்களிப்பதை உரிமை என்பதோடு கடமை என்றும் வைக்கிறது. மருத்துவர், பொறியாளர், இயற்பியல் ஆசிரியர், மின்வாரிய ஊழியர் என எத்தனையோ பேர் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களை விழாக்கால நன்கொடைப் பட்டியலில் மட்டுமே நினைவுகூர்கிறோம். தேர்தலுக்கு முன் ஒரு மாலை அவர்களை உட்காரவைத்து, இரு தரப்பையும் கேட்டு, ஊராரைக் கேள்வி எழுப்பச் சொன்னால் என்ன? திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடல், சுற்றுச்சூழலைப் பாதிக்கும் திட்டங்களில் உள்ளூர் மக்களுக்கு உரையாடல் மேசையில் தனி இடம் வேண்டும் என்கிறது. நம் ஊரில் அந்த மேசையே இன்னும் போடப்படவில்லை.

கேட்பதற்குக் கேள்விகளுக்கா பஞ்சம்? எரிந்து தீர்ந்த எரிபொருள் பல்லாயிரம் ஆண்டுகள் கதிரியக்கம் உமிழக்கூடியது. அதைக் கோலாரின் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்தில் புதைக்கலாம் என்று 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு பேசியது. கர்நாடகத்தில் எதிர்ப்பு மூண்டதும், அப்படியொரு திட்டமே இல்லை என்று அரசு பின்வாங்கியது. அடுத்த மே மாதம் அங்கே சட்டமன்றத் தேர்தல் இருந்தது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். அதே மே மாதம் 6ஆம் நாள் கூடங்குளத்தை இயக்க அனுமதித்த உச்ச நீதிமன்றம், பதினைந்து கட்டளைகளையும் இட்டது. உலைக்கு வெளியே எரிபொருளை வைக்கும் கிடங்கை ஐந்தாண்டுக்குள் அமைக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2018இல் ஐந்தாண்டு முடிந்தபோது கிடங்கு இல்லை. 2022 ஏப்ரல்வரை கால நீட்டிப்பு வழங்கப்பட்டது. இதற்கிடையே மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என உலைகளின் எண்ணிக்கை ஏறுகிறது. அணுமின் துறையில் தனியாரையும் அனுமதிக்கும் சட்டம் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. 2024 பொதுத்தேர்தலில் நம் ஊர் மேடைகளில் அதைப்பற்றி ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை.

அந்தக் கிடங்கைப் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் 2019 சூலை 10 அன்று ராதாபுரத்தில் நடப்பதாக அறிவிக்கப்பட்டது. மக்களவைத் தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள். அன்று கேட்கவென்று கடற்கரை ஊர்களில் எழுதி வைத்த கேள்விகள் எங்கேனும் பத்திரமாய் இருக்குமானால், அவற்றைத் தூசு தட்டி எடுத்துப் படியெடுத்து வையுங்கள். அடுத்தமுறை ஆலய முற்றத்துக்கு வேட்பாளர் வரும்போது, சுற்றுச்சுவர் மனுவுக்கு முன்னால் அந்தத் தாளைக் கொடுங்கள்.